முதலடி வைத்த கூடைப்பந்து வீரர் சார்லஸ் கூப்பர்

அடைபட்டுக் கிடந்த வாயில் ஒன்று திறக்கப்படும்போது, அதனுள் முதலில் நுழைபவரின் பெயரை உலகம் குறித்து வைத்துக்கொள்கிறது. நுழைந்த பின்னர் உள்ளே அவருக்கு எத்தகைய இடம் தரப்பட்டது, அவ்விடத்தில் அவர் எவ்வாறு நிலைத்து நின்றார், அங்கிருந்து வெளிவந்த பின் தம் வாழ்நாளை எதற்குச் செலவிட்டார் என்பவற்றை உலகம் அவ்வளவு அக்கறையோடு கேட்பதில்லை. ஆயினும், முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலையும் அலுவலக வாயிலையும் கடந்து செல்லும் நம் இளைஞர்களுக்கு இக்கேள்விகளே மிகவும் தேவையானவை. அதனாலேயே இவ்வெள்ளி விழா மலரில், அமெரிக்க நாட்டின் கறுப்பினக் கூடைப்பந்து வீரர் சார்லஸ் கூப்பர் அவர்களின் வாழ்க்கையை எழுத முற்பட்டோம். அந்நாட்டு மக்கள் அவரைச் சக் கூப்பர் என்றே அன்போடு அழைத்தனர்.

கடல் கடந்த நாட்டு விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாறு நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1946-ஆம் ஆண்டில் கறுப்பினப் பேரறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அமெரிக்கக் கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த முறையீட்டின் படியைக் கேட்டார். டு பாய்சும் அதே ஆண்டில் விடை எழுதினார். இரு மக்களின் துயரும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு அறியத்தக்கவை என்பதை நம் தலைவரே நமக்குக் காட்டிச் சென்றுள்ளார். அவ்வாண்டிலேயேதான் கூப்பர் அவர்களும் ஆட்டக்களத்தில் தம் வாழ்வின் முதற்பெரும் அவமதிப்பைச் சந்தித்தார் என்பதைப் பின்னர் காண்போம்.

விளையாட்டும் நிறமும்

கூடைப்பந்து என்னும் விளையாட்டு எங்கோ பழங்காலத்தில் தோன்றியதன்று. 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்கடியில் ஆடுவதற்கென்று இதனை உருவாக்கினார். பீச் பழம் சேகரிக்கும் இரண்டு கூடைகளைச் சுவரில் மாட்டிப் பந்தை அவற்றுள் எறியச் செய்தார். பெயரும் அதனாலேயே வந்தது. விலையுயர்ந்த கருவிகளோ பரந்த புல்வெளியோ வேண்டாத இவ்விளையாட்டு ஏழை மக்களிடையே விரைந்து பரவியது.

அதே 1891-ஆம் ஆண்டில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் கறுப்பின மாணவர்களுக்கென ஒரு கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. வெள்ளையர் கல்லூரிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. அந்நிலையமே பிற்காலத்தில் மேற்கு வர்ஜீனியா அரசுக் கல்லூரி ஆயிற்று. நம் வரலாற்றில் இக்கல்லூரிக்கும் ஓர் இடம் உண்டு. எனவே அதனை நினைவில் கொள்வோமாக.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1896-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரயில் பெட்டிகளில் நிற அடிப்படையில் மக்களைப் பிரித்து அமர்த்துவது சட்டத்திற்கு முரணன்று என்று தீர்ப்பளித்தது. அதன் பின்னர்த் தென் மாநிலங்களில் பள்ளி, விடுதி, உணவகம், குடிநீர்க் குழாய், கழிப்பிடம் அனைத்தும் இரண்டாகப் பிரிந்தே நின்றன. தனிக் குவளையும் தனி வாயிலும் எத்தகைய புண்ணை மனத்தில் உண்டாக்கும் என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு நாம் விளக்கிக் கூற வேண்டியதில்லை.

வட மாநிலங்களில் சட்டம் அவ்வாறு பிரிக்கவில்லை. எனினும் எழுதப்படாத சட்டம் ஒன்று அங்கும் ஆட்சி செய்தது. கூடைப்பந்தைத் தொழிலாகக் கொண்டு ஊதியம் பெறும் அணிகள் 1946-இல் ஒரு சங்கமாகச் சேர்ந்தன; 1949-இல் மற்றொரு சங்கத்தோடு இணைந்து தேசியக் கூடைப்பந்துச் சங்கம் என்னும் பெயரைப் பெற்றன. கறுப்பர் ஆடக்கூடாது என்னும் விதி அச்சங்கத்தின் ஏட்டில் எங்கும் இல்லை. ஆனால் ஒரு கறுப்பர் கூட எந்த அணியிலும் இல்லை.

அக்காலத்தில் திறமை மிக்க கறுப்பின வீரர்கள் ஊதியம் பெற வேண்டுமாயின், தம் இனத்தவரைக் கொண்டே அமைந்த அணிகளில் ஊர் ஊராகச் சென்று ஆடுவதே வழி. அவற்றுள் புகழ் பெற்றது ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ். ஏப் சேப்பர்ஸ்டீன் என்னும் வெள்ளையர் அதனை நடத்தி வந்தார். அவ்வணியினர் ஆட்டத்தோடு நகைச்சுவை வித்தைகளையும் செய்து காட்டி மக்களைச் சிரிக்க வைத்தனர். அவர்களால் மெய்யான போட்டியில் வெல்ல இயலுமா என்று ஐயுற்றோர்க்கு 1948-ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அக்காலத்தின் மிகச் சிறந்த வெள்ளையர் அணிகளுள் ஒன்றான மினியாபொலிஸ் லேக்கர்சை அவர்கள் வென்றனர். 1949-இல் மீண்டும் வென்றனர். திறமை போதவில்லை என்னும் சாக்கு அதனுடன் ஒழிந்தது. எனினும் வாயில் திறக்கவில்லை. குளோப்டிராட்டர்சைக் காண வரும் பெருங்கூட்டத்தால் அரங்க உரிமையாளர்கள் பெரும் வருவாய் பெற்றனர். கறுப்பின வீரர்களைத் தங்கள் அணிகளில் சேர்த்தால் சேப்பர்ஸ்டீன் சினமுற்று அவ்வருவாய் நின்றுவிடும் என்று அவர்கள் அஞ்சினர். நிற வெறுப்போடு பணக்கணக்கும் கைகோத்து நின்ற கதை இது.

இளமையும் கல்வியும்

இத்தகைய நாட்டில், எஃகு ஆலைகள் நிறைந்த பென்சில்வேனியா மாநிலத்துப் பிட்ஸ்பர்க் நகரில், 1926-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் சார்லஸ் கூப்பர் பிறந்தார். தந்தையார் தபால்காரர், தாயார் பள்ளி ஆசிரியை. செல்வம் மிக்க குடும்பமன்று. ஆயினும் எழுத்தும் படிப்பும் மதிக்கப்பட்ட இல்லம். கூப்பர் அவர்களின் பிற்கால வாழ்வை நோக்கும்போது, அந்த இல்லத்தின் விதை அவருள் எத்துணை ஆழமாக விழுந்திருந்தது என்பது விளங்கும்.

நகரத்தின் வெஸ்டிங்ஹவுஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1944-இல் தேறினார். இறுதியாண்டில் நகரப் பள்ளிகளின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். பின்னர் அவர் சேர்ந்தது, நாம் மேலே குறிப்பிட்ட மேற்கு வர்ஜீனியா அரசுக் கல்லூரியிலேயாகும். அங்குச் சிறிது காலமே பயின்றார். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டம் அது. 1945 ஜூலை முதல் 1946 அக்டோபர் வரை கடற்படையில் பணியாற்றினார். திரும்பி வந்ததும் தம் சொந்த ஊரிலுள்ள டுகேன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது கத்தோலிக்கத் துறவியர் நடத்திய நிறுவனம். கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது.

ஆறடி ஐந்து அங்குல உயரமும் விரைந்த கால்களும் கொண்ட அவ்விளைஞர், முதலாண்டிலேயே அணியில் இடம் பெற்றார்.

ஆடப்படாத ஓர் ஆட்டம்

1946-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தென்னகத்தைச் சேர்ந்த டென்னசி பல்கலைக்கழக அணி, டுகேன் அணியோடு ஆடுவதற்காகப் பிட்ஸ்பர்க்கை அடுத்த மெக்கீஸ்போர்ட்டு நகருக்கு வந்திருந்தது. மக்கள் திரளாகக் கூடி ஆட்டத்திற்குக் காத்திருந்தனர். டுகேன் அணியில் கறுப்பர் ஒருவர் இருப்பதை அறிந்த டென்னசி அணியினர், அவர் களத்தில் இறங்கமாட்டார் என்று உறுதியளித்தாலன்றித் தாங்கள் ஆடுவதில்லை என்றனர். டுகேன் அவ்வுறுதியைத் தர மறுத்தது. ஆட்டம் நடைபெறவில்லை. வந்திருந்த கூட்டம் கலைந்து சென்றது.

இந்நிகழ்ச்சியை நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். போர்க்காலத்தில் நாட்டின் கடற்படையில் பணியாற்றித் திரும்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வயது இருபது. தம் ஒருவரின் நிறத்தால் ஆட்டமே நின்று போனதைக் கண்ட இளைஞரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அதே வேளையில் மற்றொன்றையும் மறக்கலாகாது. அவரை உட்கார வைத்துவிட்டு ஆட்டத்தை நடத்துவது அந்நிறுவனத்தார்க்கு எளிய வழியாக இருந்தது. அவர்கள் அவ்வழியில் செல்லவில்லை. ஒடுக்கப்பட்ட ஒருவர் நிமிர்ந்து நிற்பதற்கு அவருடைய துணிவு மட்டும் போதாது. அவர் சார்ந்த நிறுவனமும் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

அதன் பின்னர்க் கூப்பரின் ஆட்டம் ஆண்டுக்காண்டு ஓங்கியது. இறுதியாண்டில் அணித்தலைவரானார். அவ்வாண்டு டுகேன் அணி 23 வெற்றிகளைப் பெற்று, நாட்டின் முன்னணி அணிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. கூப்பர் அவர்கள் அனைத்து அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்களின் சிறப்புப் பட்டியலில் இடம் பெற்றார். 1950-இல் பட்டமும் பெற்றார். ஆடியவாறே படித்து முடித்தார் என்பதை நம் மாணவர்கள் அடிக்கோடிட்டுக் கொள்ள வேண்டும்.

வாயில் திறந்த நாள்

கல்லூரியில் ஆடி முடித்த வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறை வைத்து ஒருவர் பின் ஒருவராகத் தேர்ந்தெடுப்பது அந்நாட்டு வழக்கம். 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் அவ்வாறு அணி உரிமையாளர்கள் கூடியிருந்தனர். இரண்டாம் சுற்றில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் முறை வந்தது. அதன் உரிமையாளர் வால்டர் பிரவுன் எழுந்து டுகேன் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் கூப்பர் பெயரை அறிவித்தார். அவையில் அமைதி நிலவியது. அவ்வீரர் கறுப்பர் என்பது தெரியுமா என்று உரிமையாளர் ஒருவர் வினவ, அவர் எந்த நிறத்தினராயினும் தமக்குக் கவலையில்லை, ஆடத் தெரிந்தவர் என்பதே போதும் என்று பிரவுன் விடையிறுத்ததாகக் கூறுவர். தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் அணி ஒன்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் கறுப்பின வீரர் என்னும் பெயர் அன்று கூப்பர் அவர்களுக்கு உரியதாயிற்று.

அவ்வளவில் மற்றோர்க்கும் துணிவு பிறந்தது. அதே நாளில் பிந்தைய சுற்றொன்றில் வாஷிங்டன் அணி ஏர்ல் லாய்டு என்பவரைத் தேர்ந்தெடுத்தது. சில வாரங்களில் நியூயார்க் அணி, குளோப்டிராட்டர்ஸ் அணியிலிருந்து நாட் கிளிஃப்டன் என்பவரைப் பெற்றது. முதலில் ஒருவர் துணிந்ததாலேயே மற்ற இருவரும் துணிந்தனர் என்பது கூப்பர் அவர்களின் உறுதியான கருத்து. அதற்காக வால்டர் பிரவுனுக்கு அவர் வாழ்நாள் முழுவதும் நன்றி பாராட்டினார்.

அட்டவணை அமைந்த வகையால், களத்தில் முதலில் இறங்கியவர் லாய்டு ஆவார். அது 1950 அக்டோபர் 31-ஆம் நாள். மறுநாள் நவம்பர் 1-ஆம் நாள், ஃபோர்ட் வெய்ன் நகரில் கூப்பர் பாஸ்டன் உடையில் களமிறங்கினார். சில நாட்களில் கிளிஃப்டனும் ஆடத் தொடங்கினார். இம்மூவருள் யார் முதல்வர் என்று வழக்காடுவதில் நமக்கு விருப்பமில்லை. மூவரும் ஏறி வந்த படிக்கட்டையே நாம் நோக்குகிறோம். லாய்டு பயின்றது, கூப்பர் சிறிது காலம் பயின்ற அதே மேற்கு வர்ஜீனியா அரசுக் கல்லூரியில். கிளிஃப்டன் பயின்றது, நியூ ஆர்லியன்ஸ் நகரில் கறுப்பர்களுக்கென நிறுவப்பட்ட சேவியர் பல்கலைக்கழகத்தில். 1950-இல் திறந்த வாயிலுக்கு வழி, அறுபது ஆண்டுகளுக்கு முன் எளிய முறையில் தொடங்கிய அத்தகைய கல்வி நிலையங்கள் வழியாகவே சென்றது. நம்முடையதைப் போன்ற கல்விச் சங்கங்களின் உழைப்புக்கு இதைவிட ஊக்கமூட்டும் சான்று வேறென்ன வேண்டும்?

ஆட்டக்களத்தில்

1949-50 பருவத்தில் பாஸ்டன் அணி 22 ஆட்டங்களில் வென்று 46 ஆட்டங்களில் தோற்றிருந்தது. அடுத்த பருவத்தில் ரெட் அவர்பாக் என்னும் பயிற்சியாளர் பொறுப்பேற்றார். கூப்பரும் பாப் கூஸி என்னும் வெள்ளையின இளைஞரும் புதிதாக வந்து சேர்ந்தனர். அப்பருவத்தில் அணி 39 ஆட்டங்களில் வென்றது. தோல்வியைவிட வெற்றி மிகுந்த முதற் பருவம் அவ்வணிக்கு அதுவேயாகும். கூப்பர் அவர்கள் 66 ஆட்டங்களில் ஆடி, ஆட்டத்திற்குச் சராசரியாக ஒன்பதுக்கு மேற்பட்ட புள்ளிகளை எடுத்தார்.

அவருக்கு அளிக்கப்பட்ட பணி யாது என்பதை அறிய ஆட்டத்தின் இயல்பைச் சிறிது உணர வேண்டும். ஓர் அணிக்கு ஐவர். கூடைக்குள் பந்தை எறிபவர் பெயரே செய்தித்தாளில் வரும். ஆனால் குறி தவறிக் கூடையின் வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை, பலர் முட்டி மோதும் நெரிசலில் தாவிப் பிடிப்பவர் ஒருவர் வேண்டும். எதிரணியின் வலிய வீரரை மறித்து நிற்பவர் ஒருவர் வேண்டும். தோழர் எளிதாக எறிவதற்கு வழி செய்து கொடுப்பவர் ஒருவர் வேண்டும். விலா எலும்பில் இடி வாங்கும் இப்பணிகளே கூப்பர் அவர்களுக்கு ஒப்படைக்கப்பட்டன. அவற்றை அவர் குறைவின்றிச் செய்தார். தேசியச் சங்கத்தில் அவர் ஆடிய 409 ஆட்டங்களில் எடுத்த புள்ளிகள் 2,725. திரும்பிய பந்தைக் கைப்பற்றியது 2,431 முறை. இவ்விரு எண்களும் ஏறக்குறைய ஒத்து நிற்பதே அவருடைய பணி எத்தகையது என்பதைக் காட்டிவிடும்.

நள்ளிரவு இரயில்

களத்திற்கு வெளியே நேர்ந்தவை வேறு. சில நகரங்களில் அணியினர் தங்கும் விடுதியில் அவருக்கு இடமில்லை. அணியினர் உண்ணும் உணவகத்தில் அவருக்கு இலையில்லை. ஒரே வெற்றிக்காக உழைத்தவர்கள் ஆட்டம் முடிந்ததும் இரண்டு வழியாகப் பிரிய நேர்ந்தது.

1950-களின் தொடக்கத்தில் பாஸ்டன் அணி வட கரோலினா மாநிலத்து ராலி நகருக்கு ஆடச் சென்றது. அங்குள்ள விடுதி கூப்பர் அவர்களை ஏற்க மறுத்தது. ஆட்டம் முடிந்த பின் வேறெங்கோ தனியே தங்குவதைவிட, நள்ளிரவு இரயிலில் நியூயார்க் நோக்கிப் புறப்படுவதே மேல் என்று அவர் முடிவு செய்தார். அவருடன் தாமும் வருவதாகக் கூறிப் பாப் கூஸி உடன் புறப்பட்டார். இருவரும் இரயில் நிலையத்தில் காத்திருந்தபோது, கழிப்பிட வாயில்களில் வெள்ளையர்க்கென ஒன்றும் மற்றவர்க்கென ஒன்றுமாகப் பலகைகள் தொங்கின. கூஸி நியூயார்க்கில் ஏழைக் குடியேறியோர் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரியில் சிறுபான்மையினர் படும் கொடுமைகள் குறித்தே ஆய்வுக் கட்டுரை எழுதியவர். ஏட்டில் எழுதியதை அவ்விரவில் அவர் கண்ணால் கண்டார். தம் தோழரிடம் என்ன சொல்வதென்று அறியாது, தாம் வெள்ளையராய் இருப்பதற்கே நாணிக் கண் கலங்கியதாகப் பல்லாண்டுகளுக்குப் பின்னும் அவர் கூறி வந்தார்.

கூஸியின் நட்பு போற்றத்தக்கது. எனினும் நிலைமையை உள்ளபடி காண்போம். அவ்விரவில் ஒருவர் உடன் வந்ததால் விடுதியின் கதவு திறந்துவிடவில்லை. அக்கதவுகள் சட்டத்தால் திறக்கப்படுவதற்கு 1964-ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

களத்திலும் இழிசொற்கள் வந்ததுண்டு. 1952-இல் ஓர் ஆட்டத்தில் எதிரணியினர் ஒருவர் அவரை இனத்தின் பெயரால் இகழ, கைகலப்பு மூண்டு இரு அணியினரும் மோதிக்கொண்டனர். பணிவோடு பொறுத்தவர் என்று மட்டுமே கூப்பரைச் சித்திரிப்பது பிழையாகும். பொறுத்தது பலமுறை, பொங்கியதும் உண்டு. அதே நேரத்தில் தாம் பட்டதை மிகைப்படுத்திக் கூறவும் அவர் விரும்பவில்லை. பேஸ்பால் விளையாட்டில் 1947-இல் தனியொருவராய் நுழைந்த ஜாக்கி ராபின்சன் பட்ட துன்பத்திற்குத் தம் துன்பம் ஈடாகாது என்றே அவர் கூறி வந்தார்.

தரப்படாத பங்கு

இனி, நாம் இக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். உள்ளே நுழைந்தவருக்கு எத்தகைய இடம் தரப்பட்டது?

கல்லூரியில் கூப்பர் முன்னணி வீரர். பந்து அவரைத் தேடி வந்தது. தொழில்முறை அணிகளிலோ, கறுப்பின வீரர் தடுக்கவும் தாங்கவும் வேண்டியவர், புள்ளிகளும் புகழும் பிறர்க்கு என்னும் எண்ணம் நிலவியது. தமக்கு முழு வாய்ப்பு அளிக்கப்படவில்லை, கடினப் பணிகள் மட்டுமே ஒதுக்கப்பட்டன என்னும் மனக்குறை அவருக்கு இறுதிவரை இருந்தது. அதனை அவர் மறைக்கவுமில்லை. முதற் பருவத்தில் ஒன்பதாக இருந்த அவருடைய புள்ளிச் சராசரி பின்னர்க் குறைந்தே சென்றது.

நான்கு பருவங்கள் பாஸ்டனில் ஆடினார். 1954-இல் மில்வாக்கி ஹாக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு அவ்வணி செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1955-56 பருவத்தின் நடுவில் ஃபோர்ட் வெய்ன் அணிக்குச் சென்றார். எந்த நகரில் தம் முதல் ஆட்டத்தை ஆடினாரோ, அதே நகரின் அணியில் அவருடைய ஆறு ஆண்டுத் தேசியச் சங்க வாழ்வு முடிவுற்றது. பின்னர் ஹார்லெம் மெஜிஷியன்ஸ் என்னும் கறுப்பின ஊர்சுற்றும் அணியில் ஓராண்டு ஆடினார். கார் விபத்தொன்றில் காயமுற்றதோடு ஆட்ட வாழ்வு முற்றுப்பெற்றது. அப்போது அவர் முப்பது வயதை ஒட்டியிருந்தார்.

இவ்விடத்தில் சிலர், அவருக்கு இடமாவது கிடைத்ததே, அதுவே பெரிதன்றோ என்பர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. இடம் என்பது ஒன்று. பங்கு என்பது மற்றொன்று. இடம் தந்துவிட்டுப் பங்கை மறுப்பது அநீதியின் புதிய வடிவமேயாகும். இன்று நம் பிள்ளைகள் கல்லூரியிலும் அலுவலகத்திலும் இடம் பெறுகின்றனர். அங்கே பொறுப்பும் மதிப்பும் அவர்கள் திறமைக்கேற்பப் பகிரப்படுகின்றனவா என்று கேட்பது நன்றி மறத்தலாகாது. கூப்பர் அவர்கள் வால்டர் பிரவுனுக்கு நன்றி கூறவும் செய்தார். தமக்கு மறுக்கப்பட்டதைச் சொல்லவும் செய்தார். இரண்டும் ஒரே மனத்தில் இருக்க இயலும் என்பதற்கு அவர் சான்று.

இரண்டாம் வாழ்க்கை

விளையாட்டு வீரனின் காலம் குறுகியது. முழங்கால் தளர்ந்ததும் கைதட்டல் நின்றுவிடும். அந்நாளில் ஊதியமும் பெரிதன்று. ஆட்டம் முடிந்ததும் செய்வதறியாது திகைத்து வீழ்ந்த வீரர்கள் எந்நாட்டிலும் உண்டு. கூப்பர் அவர்களோ மீண்டும் பாடநூலைக் கையில் எடுத்தார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்றார். நாடறிந்த வீரராய் இருந்தவர், முப்பது வயதைக் கடந்தபின் மாணவர் வரிசையில் அமர்ந்ததை எண்ணிப் பாருங்கள். அவரை அங்கே அமர்த்தியது, அன்று பிட்ஸ்பர்க் இல்லத்தில் ஆசிரியையான தாயார் ஊன்றிய விதையன்றி வேறென்ன?

பட்டம் பெற்றபின் பிறந்த ஊராகிய பிட்ஸ்பர்க்குக்கே திரும்பினார். அந்நகரப் பள்ளிகளை மேற்பார்க்கும் கல்விக் குழுவில் உறுப்பினராகப் பணியாற்றினார். 1970-ஆம் ஆண்டு நகராட்சியின் பூங்கா மற்றும் பொழுதுபோக்குத் துறைக்கு இயக்குநராக நியமிக்கப்பட்டார். அந்நகராட்சியில் ஒரு துறைக்குத் தலைமையேற்ற முதற் கறுப்பர் அவரேயாவார். ஏழைக் குழந்தைகள் ஓடியாடுவதற்குத் திடல் எங்கே அமைய வேண்டும், கூடைப்பந்து வளையம் எங்கே மாட்டப்பட வேண்டும் என்பவற்றை முடிவு செய்யும் நாற்காலி அது. பந்தைப் பிறர்க்குப் பிடித்துக் கொடுக்கும் பணியில் வைக்கப்பட்டவர், அந்நாற்காலியில் முடிவெடுப்பவராய் அமர்ந்தார்.

பின்னர்ப் பிட்ஸ்பர்க் நேஷனல் வங்கியில் நகர்ப்புற நல அலுவலராகச் சேர்ந்தார். கறுப்பர் முதலிய ஒதுக்கப்பட்ட மக்களுக்கு வேலைவாய்ப்பில் உரிய இடம் அளிக்கும் திட்டங்களையும், பின்தங்கிய பகுதிகளின் முன்னேற்றத் திட்டங்களையும் அவ்வங்கியில் அவர் வழிநடத்தினார். தமக்கு ஒரு வாயிலைத் திறந்தவர் ஒரு தனி மனிதர். அவருடைய நல்லெண்ணம் இல்லாதிருப்பின் அது திறந்திராது. பிறர்க்கு வாயில் திறப்பது எவருடைய நல்லெண்ணத்தையும் நம்பியிராமல், திட்டமாகவும் விதியாகவும் அமைய வேண்டும் என்பதே அவர் ஏற்ற பணியின் பொருள். இறக்கும்வரை அப்பணியிலேயே இருந்தார். 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள், தமது 57-ஆம் வயதில், பிட்ஸ்பர்க் நகரில் காலமானார்.

அவர் ஆடியது தேசியச் சங்கத்தில் ஆறு பருவங்கள். படித்த படிப்பைக் கொண்டு மக்கட்குப் பணியாற்றியது அதனினும் மிக நெடுங்காலம். இவ்விரு காலங்களையும் தராசில் வைத்துப் பார்க்குமாறு நம் இளைஞர்களை வேண்டுகிறோம்.

பின் வந்தோர்

கூப்பர் அவர்கள் தேசியச் சங்கத்தை விட்டு விலகிய 1956-ஆம் ஆண்டிலேயே, அவருடைய பழைய பாஸ்டன் அணியில் பில் ரஸ்ஸல் என்னும் கறுப்பினப் பெருவீரர் சேர்ந்தார். 1969-க்குள் அவ்வணி 11 முறை பட்டம் வென்றது. 1964-ஆம் ஆண்டு டிசம்பரில், ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரும் கறுப்பராகவே இருக்கும்படி அவ்வணி களமிறங்கியது. அச்சங்கத்தில் அதற்குமுன் அவ்வாறு நிகழ்ந்ததில்லை. 1966-இல் ரஸ்ஸல் அவ்வணியின் பயிற்சியாளராகவும் உயர்ந்தார். அப்பொறுப்பை அச்சங்கத்தில் ஏற்ற முதற் கறுப்பர் அவர். கூப்பருக்கு மறுக்கப்பட்ட பங்கு, அவருக்குப் பின் வந்தோர்க்குக் கிடைத்தது. இன்று அச்சங்கத்தின் வீரர்களுள் பெரும்பான்மையினர் கறுப்பரே.

கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலேயே அவ்விளையாட்டின் புகழ் மண்டபம் அமைந்துள்ளது. லாய்டு 2003-இலும், கிளிஃப்டன் 2014-இலும் அங்கே இடம் பெற்றனர். கூப்பர் அவர்களின் பெயர் 2019-இல்தான் அங்கே பொறிக்கப்பட்டது. அவர் மறைந்து 35 ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. டுகேன் பல்கலைக்கழகம் புதுப்பித்து 2021-இல் திறந்த தன் விளையாட்டு அரங்கிற்கு அவர் பெயரைச் சூட்டியது. அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை, வசதி குன்றிய மாணவர்களின் உயர்கல்விக்கு உதவித்தொகை வழங்கி வருகிறது. மண்டபத்துப் பலகையைவிட, அவ்வுதவித்தொகை பெற்றுப் படிக்கும் மாணவனே அவருக்கு உகந்த நினைவுச் சின்னம் என்று நாம் கருதுகிறோம்.

இளைஞர்களே! உங்களுள் ஒருவர் நாளை ஏதேனும் ஒரு வாயிலை முதல்வராய்க் கடக்கக்கூடும். அப்போது உங்களுக்குத் தரப்படும் பணி கடினமானதாகவும் புகழற்றதாகவும் இருப்பின், அதனைக் குறைவறச் செய்யுங்கள். உங்களுக்குரிய பங்கைக் கேட்கவும் தயங்காதீர்கள். அவ்விடமே முடிவு என்று எண்ணிப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். உங்கள் கையில் அதிகாரம் வரும் நாளில், அடுத்தவர்க்கான வாயிலைத் தாழ்ப்பாளின்றித் திறந்து வையுங்கள். அதுவே சார்லஸ் கூப்பர் நமக்கு வாழ்ந்து காட்டிய பாடம்.